பழைய டிரெயிலருக்கு இருசு மாற்றும் முறை

கிருஷ்ணகிரி ஜில்லாவின் குடியானவர்களுக்கு விளைச்சல் எவ்வளவு முக்கியமோ, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியும் அவ்வளவு முக்கியமாகும். இராயக்கோட்டைத் தக்காளியும், கிருஷ்ணகிரி மாம்பழமும், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களின் கேழ்வரகும் காய்கறிகளும் வயலை விட்டுப் புறப்படும்போது, டிராக்டரின் பின்னால் பூட்டிய டிரெயிலரில் ஏற்றப்படுவதே இப்போது பெருவழக்காயிருக்கிறது. எருவும், மணலும், செங்கல்லும், வைக்கோலும் அதே டிரெயிலரில்தான் வந்து சேருகின்றன. கட்டை வண்டி செய்துவந்த வேலை முழுவதையும் அது ஏற்றுக்கொண்டது எனலாம்.

புதிய டிரெயிலர் வாங்கச் சக்தியில்லாதவர்கள் பழையதை வாங்கிச் செப்பனிட்டுக் கொள்ளுகிறார்கள். அப்படி வாங்கும் வண்டியில் முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் இருசு. ஓசூரில் 1970-க்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றி, 1980-இல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும் ஏற்பட்ட பிறகு, கடைசல் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் அப்பக்கத்தில் பெருகின. ஆகையால் இருசு மாற்றுவதற்கு வேண்டிய ஆளும் கருவியும் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஆனால், உடைத்துப் பிரித்த லாரிகளின் பழைய இருசுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. இங்கேதான் அபாயம் தொடங்குகிறது. சக்கரத்தில் பொருந்துகிற இருசெல்லாம் பாரத்தைத் தாங்குகிற இருசாகிவிடாது. ஜாக்கியால் தூக்கி நிறுத்திய வண்டியெல்லாம் அடியில் புகுந்து வேலை செய்யத் தகுந்த வண்டியுமாகிவிடாது. இவ்விரண்டையும் மறந்தவர்கள் பொருளை மட்டுமன்றிச் சில சமயம் உயிரையும் இழக்க நேரிடுகிறது.

இருசு முறிவதன் காரணம்

மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது திருவள்ளுவர் காலத்திலேயே அறிந்த உண்மை. எனினும், அளவுக்கு உட்பட்ட பாரத்தைச் சுமந்துவந்த இருசும் ஒருநாள் திடீரென்று முறிவதுண்டு. பிரான்சு தேசத்தில் 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி வெர்சேல்ஸ் நகரிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களுள் ஸ்காட்லாந்தின் ராங்கின் என்பவரும், ஜெர்மனியின் வேலர் என்பவரும் முக்கியமானவர்கள். ஒருமுறை கொடுத்தால் தாங்கக்கூடிய சுமையையே லட்சக்கணக்கான முறை மாறிமாறிக் கொடுத்தால், இரும்பு களைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு விட்டு, அவ்வெடிப்பு சிறிது சிறிதாக வளர்ந்து முடிவில் முறிகிறது என்பது இவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

ரயில் அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது. டிரெயிலரின் இருசோ சுழலாமல் நிற்க, அதன் முனைகளில் சக்கரங்கள் மட்டும் சுழல்கின்றன. ஆயினும், ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் அது வளைந்து நிமிர்வதால், களைப்பு இதற்கும் உண்டு. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திற்குச் சுமார் 500 மீட்டர் உயரத்திலும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஏற்ற இறக்கமான பூமியில், கரடுமுரடான வண்டிப்பாதையில் ஓடிய இருசு எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதை வெளித்தோற்றத்தால் ஒருவரும் சொல்ல முடியாது. பழைய லாரி இருசை வாங்குவோர் அதன் இரும்போடு அதன் களைப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

பழுதைக் கண்டறிதல்

டயர்கள் இரண்டும் ஒரே பக்கத்து ஓரத்தில் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் இருசு வளைந்திருக்கலாம் என்று ஊகிக்க வேண்டும். சிறிது தூரம் ஓடியவுடன் சக்கரத்தின் குடம் கைவைக்க முடியாதபடி சுடுமானால், பேரிங்கோ அதைத் தாங்கும் முனையோ கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க ரயில்வேப் பட்டறைகளில் பழங்காலந்தொட்டுக் கையாண்ட எளிய முறை ஒன்று உண்டு. இருசைத் துருவும் கிரீஸும் போகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டித் தூளை மெல்லியதாகப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதனுள் புகுந்த எண்ணெய் வெளிப்பட்டு, வெண்மையின்மேல் கறுத்த கோடாகத் தோன்றும். சதுரக் கம்பி குறுகி உருண்டையான முனையாக மாறும் இடத்தின் அடிப்புறத்தை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். பாரத்தால் இழுபடுவது அடிப்புறமே. கோடு எவ்வளவு சிறியதாயினும் அந்த இருசைத் தள்ளிவிட வேண்டும். வெடிப்பின்மேல் வெல்டிங் வைத்து மறைப்பதும், இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டவைத்து ஒரே இருசாக்குவதும் கூடா. சூட்டினால் அவ்விடத்து இரும்பின் குணம் மாறி, மறுபடியும் அங்கேயே முறிவதற்கு வழியாகும்.

தகுந்த இருசைத் தேர்ந்தெடுத்தல்

வாங்குமுன் பாரத்தைக் கணக்கிட வேண்டும். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 3.24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் உலர்ந்த மணல் சுமார் 1,600 கிலோ எடையுள்ளது. ஆகவே, தக்காளிப் பெட்டிகளைச் சுலபமாகச் சுமக்கும் அதே டிரெயிலரில் மணலை விளிம்புவரை நிரப்பினால் 5 டன்னுக்கு மேலாகிவிடும். வண்டியின் எடை இதற்குப் புறம்பு. ஏற்றக்கூடிய பொருள்களில் மிகக் கனமானதை வைத்தே இருசைத் தீர்மானிக்க வேண்டும்.

சதுர இருசின் வலிமை அதன் பக்க அளவின் கனத்தைப் பொறுத்து வளர்கிறது. ஒரே தரமான எஃகாயின், 65 மில்லிமீட்டர் சதுர இருசைவிட 75 மில்லிமீட்டர் சதுர இருசு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம் தாங்கும். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் 10 மில்லிமீட்டரில் அவ்வளவு வித்தியாசம் அடங்கியிருக்கிறது. ஆகையால், தாங்கும் எடையைத் தெளிவாகக் குறித்துக் கொடுக்கும் தயாரிப்பாளரிடம் குடத்தோடும் பேரிங்கோடும் கூடிய புதிய இருசை வாங்குவதே நலம்.

பட்டறைக்குச் செல்லுமுன் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இடது வலது வில் பட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம், சக்கரம் பொருந்தும் முகங்களுக்கு இடையிலுள்ள தூரம், பட்டையின் நடு போல்ட்டுத் தலை அமரும் துளையின் அளவு, சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும். இவற்றுள் ஒன்று தவறினாலும், சக்கரம் பெட்டியில் உராயும், அல்லது இருசு பட்டையின்மேல் நேராக அமராது.

தூக்கி நிறுத்துதல்

வெறும் டிரெயிலரே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளதாயிருக்கலாம். ஜாக்கியின் எண்ணெய் ஒழுகினாலோ அதன் அடி மண்ணில் புதைந்தாலோ, அடியிலிருப்பவர் விலகுவதற்கு நேரம் கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கல்ல என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பாரம் முழுவதையும் இறக்கி, சமமான கெட்டித்தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். இருசக்கர டிரெயிலரானால் டிராக்டரோடு பூட்டியபடியே விடுவது நல்லது. முன்பக்கம் மேலெழாமலும் சாயாமலும் அது பிடித்துக்கொள்ளும். டிராக்டரின் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, கியரில் விட்டு, சாவியை எடுத்துவிட்டு, அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். கவிழ்க்கும் டிரெயிலரானால் பெட்டி முழுவதும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். பிறகு ஜாக்கியை இருசின்கீழ் வைக்காமல், சட்டத்தின் பலமான பாகத்தின்கீழ் பலகை கொடுத்து வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் சட்டத்தின் இரு பக்கங்களிலும், பின்புறத்திலும், இரும்பு முட்டுகளையோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனத்த மரக்கட்டைகளையோ நிறுத்தி, ஜாக்கியை இறக்கிப் பாரம் முழுவதும் முட்டுகளின்மேல் அமரும்படி செய்ய வேண்டும். செங்கல்லும், சிமெண்டுக் கல்லும், உருண்டைக் கல்லும் உதவா. அவை அறிவிப்பின்றி வெடித்து நொறுங்கும். எட்ட நின்று வண்டியைப் பலமாக அசைத்துப் பார்த்து, அசையாதென்று கண்ட பின்னரே ஒருவர் அடியில் கை நீட்டலாம். சிறுவர்களை அருகில் அண்டவிடலாகாது.

கழற்றுதலும் பொருத்துதலும்

சக்கரங்களைக் கழற்றித் தூரத்தில் வைக்க வேண்டும். காற்றடைத்த டயர் மாட்டியிருக்கும்போது சக்கரத்திலோ அதனருகிலோ வெல்டிங் வைப்பதும் நெருப்புக் காட்டுவதும் பேரபாயம். உட்சூட்டினால் டயர் வெடித்து ஆளைக் கொன்றுவிடும். துருவேறிய யூ போல்ட்டுகளை அறுத்தெறிந்துவிட்டுப் புதியவற்றைப் போடுவதே முறை.

75 மில்லிமீட்டர் சதுரமும் 1.6 மீட்டர் நீளமுமுள்ள வெறும் இருசே சுமார் 70 கிலோ எடையுள்ளது. ஆகையால், கடைசி நட்டை எடுக்குமுன் அதன் இரு முனைகளுக்கும் அடியில் தாங்குகட்டை கொடுத்திருக்க வேண்டும். புதிய இருசில் மேற்புறம் இன்னதென்று குறி இருந்தால் அதன்படி வைத்து, பட்டையின் நடு போல்ட்டுத் தலை துளையில் சரியாக அமர்ந்ததைப் பார்த்து, யூ போல்ட்டு நட்டுகளை மூலைக்கு மூலை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். முழுவதும் இறுக்குமுன், முன்கொக்கித் துளையின் நடுவிலிருந்து இருசின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்திராவிட்டால், டிரெயிலர் கோணலாக இழுபட்டு டயரைத் தின்றுவிடும்.

பேரிங்குகளைக் கிரீஸ் நிரப்பி மாட்டும்போது, குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி கனத்தவுடன் நிறுத்தி, கால்சுற்றுக்கு உட்பட்டுத் தளர்த்தி, அடுத்த துளை நேர்படும் இடத்தில் புதிய காட்டர் பின்னைச் செருகி மடக்க வேண்டும். கட்டை வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிரெயிலருக்கு இந்தச் சிறு பின் அப்படி. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் போடுவது சக்கரம் கழன்றோட வழி செய்வதாகும்.

சோதனை ஓட்டம்

முதலில் வெறும் வண்டியாக மெதுவாக ஓட்டி, குடங்களின் சூட்டைப் பார்க்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளையும், முதல் பாரம் இறக்கியபின் சக்கர நட்டுகளோடு யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். இச்சோதனைகள் முடியுமுன், பெருலாரிகள் விரையும் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் பாரத்தோடு இறங்குவது தகாது. பாரத்தின்மேல் கூலியாட்களை உட்காரவைத்து ஓட்டும் வழக்கமோ எப்போதும் கைவிடத்தக்கது.

சட்டமும் கிராம அதிகாரிகளும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெயிலரும் ஒரு மோட்டார் வாகனமே. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது அதன் 52-ஆம் பிரிவின் கருத்து. அதே வகை இருசை மாற்றுவது செப்பனிடுதல். இருசைப் பெருக்கி அதிகப் பாரம் ஏற்ற முயல்வது வேறு விஷயம். அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பதிவான டிரெயிலரை வாங்குவோர், அங்குள்ள பதிவு அதிகாரியின் தடையில்லாச் சான்றைப் பெற்று, ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமை மாற்றம் செய்துகொள்ள வேண்டும். சட்டத்தில் பொறித்த எண்ணை வெட்டவோ மறைக்கவோ கூடாது.

ஒவ்வொரு குடியானவரும் நல்ல ஜாக்கியும் நான்கு இரும்பு முட்டுகளும் தனித்தனியே வாங்கி வைப்பது இயலாத காரியம். ஆனால், ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு தொகுதி வாங்கி வைத்து, வேண்டியவருக்கு வேண்டியபோது கொடுத்து வாங்குவது எளிது. கிராம அதிகாரிகள் இதற்கு முன்கை எடுப்பாராயின், அவ்வூரில் செங்கல்லின்மேல் தூக்கி வைத்த டிரெயிலருக்கு அடியில் ஒருவரும் படுக்க வேண்டிய அவசியம் இராது. பழைய இருசில் மிச்சமாகும் பணம் சொற்பம். அதை நம்பிப் பாரம் ஏற்றுவோர் பந்தயம் வைப்பதோ தம் உயிரையும் பிறர் உயிரையுமாகும்.