கம்பளியைக் கல்லில் அடிக்க வேண்டாம்

வெயிலுக்குப் பேர்போன வன்னியில் குளிரும் கடுமையாகவே அடிக்கும். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்த நாட்களில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. தொற்றுநோயோ என்று ஊர்கள் அஞ்சின. கடுங்குளிரே காரணம் என்று கால்நடைத் திணைக்களம் பின்னர் தெரிவித்தது. கிளிநொச்சி மாவட்டமும் அந்த இழப்பைக் கண்டது. அக்கராயன் போல குளத்தையும் வயலையும் ஒட்டிய ஊர்களில், மார்கழி தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் விடியற்காலையில் கம்பளியின் அருமை தெரியும்.

இந்த மாவட்டத்துக்குக் கம்பளி பல வழிகளில் வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கம்பளி கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்வது தோட்டத்துரைமார் காலத்து வழக்கம். 1958, 1977 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது பழகிய பொருள். இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர் அனுப்பும் பொதிகளிலும் கம்பளி வருகிறது.

வந்த கம்பளி பெரும்பாலும் அழுக்கினால் கெடுவதில்லை, தோய்க்கும்போதுதான் கெடுகிறது. சாரத்துக்கும் சேலைக்கும் பொருந்தும் கிணற்றடி வழக்கம் முழுவதுமே கம்பளிக்குப் பகை. கட்டிச் சவர்க்காரம், கல்லில் அடி, முறுக்கிப் பிழிதல், உச்சி வெயில் என்று அத்தனையும் அதைப் பாழாக்கும்.

ஆட்டுமயிர் நம் தலைமயிரைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஒவ்வொரு இழையின் மேலும் கூரை ஓடுகள்போல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் இந்தச் செதில்கள் விரியும். அந்த நிலையில் தேய்த்தாலோ அடித்தாலோ இழைகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், பிறகு பிரியாது. ஆறடிக் கம்பளி நாலடியாகத் தடித்து நிற்பது இதனால்தான். மொங்கோலிய நாடோடிகள் தங்கள் கூடாரங்களுக்கான தடித்த விரிப்பை இதே முறையில் வேண்டுமென்றே செய்கிறார்கள். வீட்டில் தற்செயலாக நடந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

சவர்க்காரத்தின் காரம் புரதத்தை அரிக்கும். கறை நீக்கும் நொதி சேர்ந்த சலவைத் தூள்களும் கறையோடு கம்பளியின் புரதத்தையும் தாக்கும். வெளுக்கப் பயன்படும் குளோரீன் திரவத்தில் கம்பளி கரைந்தே போகும்.

முதலில், கையிலிருப்பது உண்மையான ஆட்டுமயிர்தானா என்று பார்க்க வேண்டும். கம்பளி என்று விற்பனையாகும் பலவும் அக்ரிலிக் அல்லது பொலியெஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வெளியே வைத்து, இடுக்கியால் பிடித்து எரித்தால் விடை கிடைக்கும். மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் பொடியாகும் சாம்பலை விட்டால் அது ஆட்டுமயிர். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை, அதைத் தோய்க்க இவ்வளவு கவனம் தேவையில்லை.

உண்மையான கம்பளியை அடிக்கடி தோய்க்கத் தேவையில்லை. நிழலில் காற்றுப்படத் தொங்கவிட்டு, உதறி, மென்மையான தூரிகையால் துடைத்தாலே வியர்வை வாடையும் தூசும் பெரும்பாலும் போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த மாசி பங்குனியில் தோய்ப்பது போதும்.

வரண்ட வலயத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. சவர்க்காரம் அதில் நுரைக்காமல் வெள்ளைப் படிவாக இழைகளில் ஒட்டும். கூரையிலிருந்து பிடித்துச் சேமித்த சுத்தமான மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது. கையை வைத்தால் சூடும் குளிரும் தெரியாத நீரைப் பெரிய பேசினில் நிரப்பி, குழந்தைகளுக்கான சம்போ சிறிதளவு கலக்கலாம். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரும் நல்லது. காஷ்மீரில் பஷ்மினா சால்வைகளை இன்றும் அதில் கழுவுகிறார்கள். கம்பளியை அமுக்கி நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். கடைசி அலசலில் அரைக் கோப்பை வினாகிரி சேர்த்தால் மிஞ்சிய காரம் நீங்கும்.

ஈரக் கம்பளி கனமானது, வலுக் குறைந்தது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே இழுபட்டுவிடும். இரு கைகளாலும் ஏந்தி எடுத்து, பழைய துவாய்களுக்கு நடுவே வைத்துச் சுருட்டி அமுக்கினால் நீர் இறங்கும். பிறகு பாயிலோ, அருகருகே கட்டிய இரண்டு மூன்று கொடிகளிலோ பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். உச்சி வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் கம்பளி தொடுவதற்குக் காய்ந்ததுபோலவே இருக்கும். அதனால் மடிப்பதற்கு முன் இன்னொரு நாள் காற்றில் விடுவது நல்லது.

அலுமாரியில் கம்பளியை ஓட்டையாக்குவது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடங்களையே அது முதலில் தேடும், ஆகவே தோய்த்துக் காய்ந்த கம்பளியையே பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் நப்தலீன் உருண்டையைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைக்கும். மலேரியா நெடுங்காலம் நிலவிய நிலங்களில் இந்தக் குறைபாடு அதிகம் காணப்படும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது, ஆனால் அதற்கு முன் வன்னியும் நெடுங்காலம் அந்த நோயோடு போராடிய மண். மாதம் ஒருமுறை கம்பளியை வெளியே எடுத்து விரித்து உதறினால் முட்டையும் புழுவும் உதிரும்.

ஏற்கெனவே சுருங்கித் தடித்துப்போன கம்பளியையும் எறிய வேண்டாம். இழைகள் இறுகிவிட்டதால் வெட்டினாலும் ஓரம் பிரியாது. ஸ்திரிக்கை போடும் மேசை விரிப்பாகவும், சூட்டுச் சட்டி இறக்கும் துண்டாகவும் அது பல காலம் பயன்படும்.