தைல மரமும் தங்கப் பாறையும்

சைக்கிளில் காட்டுவழி போக ஆசைப்படுகிறவர்கள் ஊட்டியையோ கொடைக்கானலையோதான் சொல்வார்கள். பைன் மரங்கள் நெடுநெடுவென்று நிற்க, உதிர்ந்த ஊசியிலை தரையை மூடியிருக்க, அந்தக் குளிரில் பெடல் மிதிப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்னாட்டு மலைகளுக்கு இயற்கை பைன் மரத்தைக் கொடுக்கவே இல்லை. அங்கே இருப்பதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நட்ட காடுதான் என்றால் கோலார் தங்கவயல் பக்கம் தைலத் தோப்பு இருக்கிறது. அந்தப் பூமிக்குள் கிடக்கும் அதிசயத்துக்கு ஊட்டியில் ஈடு கிடையாது என்பது என் கட்சி.

பங்காரப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையை நோக்கிக் கிழக்கே மிதிக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டரில் விரிந்த மேட்டுநிலம். கேழ்வரகுக் கொல்லை, புளியமரம், நடுநடுவே தைல மரங்கள். சுமார் 1790-இல் திப்பு சுல்தான் நந்தி மலையில் நட்டதுதான் இந்தியாவுக்கு வந்த முதல் தைல மரம் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் கோலார் மாவட்டத்தில் ஏக்கர் கணக்கில் பரவிவிட்டது. நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று 2017-இல் கர்நாடக அரசு இதைப் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. தடை நியாயம்தான். அதற்காக அந்த மரத்தைச் செய்தவனின் கைவண்ணத்தைப் பார்க்காமல் போய்விடலாமா?

ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். மாவிலைக்கு மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிர். இதற்கு இரண்டு புறமும் ஒரே நிறம். வளர்ந்த மரத்தில் இலை படுத்துக் கிடக்காது, செங்குத்தாகத் தொங்கும். உச்சி வெயிலுக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டும். தண்ணீர் அருகிய மண்ணில் பிறந்த மரத்துக்கு அருளப்பட்ட உபாயம் அது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தோப்புக்குள் சைக்கிளை நிறுத்துகிறவனுக்கு நிழல் கிடைக்காததும் அதனால்தான். மரம் தப்பித்துக்கொண்டு வெயிலை நம் தலையில் இறக்கிவிடுகிறது! அதே இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அத்தனையும் தைலப் பைகள்.

இந்த இனத்தைப் பற்றி 2013-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட செய்தியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் நாட்டுத் தங்க பூமியான கால்கூர்லி பக்கத்தில், 30 மீட்டருக்கும் கீழே புதைந்திருந்த தங்கத்தைத் தைல மரத்தின் வேர் தண்ணீரோடு உறிஞ்சி இலைவரை ஏற்றியிருந்தது. துகள்கள் தலைமயிரின் பருமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, விற்றுக் காசாக்கவும் முடியாது. ஆனாலும் இலையில் பொன்!

ராபர்ட்சன்பேட்டையை நெருங்க நெருங்க, கல்லைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். வழிநெடுகக் கண்ட வெளிர்சாம்பல் பாறை மறைந்து, கருமையும் பச்சையும் கலந்த பாறை தலைகாட்டும். தெற்கு வடக்காக 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்தக் கரும்பாறைப் பட்டைக்கு அகலம் என்னவோ சில கிலோமீட்டர்தான். சைக்கிள்காரன் அரை மணிக்குள் குறுக்கே கடந்துவிடுவான். காரில் போகிறவனுக்கு இது நடந்ததே தெரியாது. கடலடியில் எரிமலை கக்கிய குழம்பு இறுகி உண்டான பாறை இது. வயது 270 கோடி ஆண்டு. தண்ணீர் பட்டதும் குழம்பு தலையணை தலையணையாக உறைந்துபோன தடயம் இன்றும் இருக்கிறது. பெத்தப்பள்ளியில் உள்ள எரிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமாகவே வைத்திருக்கிறது. அது உறைந்த காலத்தில் பைன் இல்லை, தைல மரம் இல்லை, புல்கூட இல்லை. நம்மைப் போன்றவர்கள் மூச்சுவிடக் காற்றில் பிராணவாயுவும் கிடையாது.

அந்தப் பாறை மடிந்து பிளந்தபோது, ஆழத்துச் சூட்டு நீர் கந்தகத்தின் துணையோடு தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பிளவுகளில் ஏறியது. வெங்கச்சங்கல்லோடு சேர்த்து அதை அங்கங்கே படியவிட்டது. சாம்பியன் ரீஃப் என்று பேர்பெற்ற அந்தப் படிவின் கனம் சராசரியாக ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டே மனிதன் 3,200 மீட்டர் கீழே இறங்கினான். அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸ் மூடப்படும்வரை 120 ஆண்டுகளில் எடுத்தது சுமார் 800 டன் தங்கம். மிச்சம் விழுந்தது ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு கழிவு மேடுகள். இத்தனைக்கும் தங்கம் இந்தப் பூமியில் பிறந்ததே அல்ல. 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு பூமியில் உணரப்பட்டது. அப்படிப்பட்ட மோதல்களில் தங்கம் உருவாகிறது என்பதற்கு அன்றுதான் நல்ல சாட்சி கிடைத்தது. அம்மாவின் மூக்குத்தி எங்கிருந்து வந்திருக்கிறது பாருங்கள்.

இதே சாம்பியன் ரீஃபில் தங்கத்தைவிட அரிய ஒன்றும் அகப்பட்டது. வானத்திலிருந்து சதா பொழியும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ என்ற துகளை மட்டும் தடுக்க முடியாது. அதனால் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். 1965-இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ தன் தடத்தைக் காட்டியது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவிலும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான் அது பிடிபட்டது. மேலே சாலையில் மிதித்துக்கொண்டிருப்பவனின் உடம்பையும் ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் துளைத்துப் போகின்றன. ஒரு மயிர்க்கால்கூட அசைவதில்லை.

ஊரைத் தாண்டி வடகிழக்கே மிதித்தால் பேத்தமங்கலம். பாண அரசர்கள் காலத்தில் விஜயாதித்த மங்கலம் என்று பெயர் பெற்றிருந்த ஊர். பாறைக்குள் பொன்னை வைத்தவன் தங்கவயல் மேட்டில் தண்ணீரை வைக்கவில்லை. மைன்ஸுக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் குழாய் வழியாகத் தண்ணீர் போனது. ஏரிக்கு வருவது நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு. அங்கிருந்து அது ஆந்திர எல்லையைத் தாண்டி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இறங்கிப் போகிறது. தங்கவயலில் கல் உடைக்க வந்த தமிழர்களில் பெரும்பாலோர் பழைய வடாற்காட்டுக்காரர்கள். அவர்களின் சொந்த ஊர்கள் பலவும் இந்த ஆற்றங்கரையை ஒட்டியவை. ஆறு கீழே இறங்கிப் போன வழியாகத்தான் அவர்கள் மேலே ஏறி வந்திருக்கிறார்கள்.