குளத்துப் பறவைகளும் குடும்பத் தொழிலும்

குற்றாலத்து அருவிகளை அறியாதார் நம் மாநிலத்தில் இலர். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொணரும்போது, மக்கள் பெருந்திரளாக வந்து நீராடிச் செல்கின்றனர். ஆயினும், அண்மையிலுள்ள இலத்தூர் போன்ற கிராமங்களுக்கு அக்கூட்டத்தால் விளையும் பயன் யாது என எண்ணிப் பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை என்றே கூற வேண்டும். வருவோர் நம் வயல்களையும் குளங்களையும் வண்டியிலிருந்தபடியே கண்டு, கடந்து போய்விடுகின்றனர்.

சாரல் ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பிய பின்னர், வேறு விருந்தினர் நம்மிடம் வருகின்றனர். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் தாமிரபரணி, சிற்றாற்றுப் படுகைகளின் குளங்களை நாடுகின்றன. வடநாடுகளின் குளிருக்கு அஞ்சி வரும் வாத்தினங்களும் உள்ளான்களும் அவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. இப்பறவைகளைக் காண்பதற்கென்றே நெடுந்தூரம் பயணம் செய்வோர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் வழிகாட்டுதலும் அளிப்பதை ஒரு விவசாயக் குடும்பம் துணைத் தொழிலாக மேற்கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பிறர் கண்ட அனுபவம்

கேரளத்தில் கோதமங்கலத்திற்கு அருகே பெரியாற்றின் கரையில் தட்டேக்காடு என்னும் ஊர் உள்ளது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-ஆம் ஆண்டில் தொடங்கிய திருவிதாங்கூர், கொச்சி ஆய்வின்போது இவ்விடத்தின் பறவை வளத்தைக் கண்டு வியந்தார். 1983-இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்குள்ள குடும்பங்கள் சில, தம் வீட்டு அறைகளையே விருந்தினருக்கு ஒழித்துக் கொடுத்துள்ளன. வீட்டுப் பெண்கள் சமைக்கின்றனர். காட்டைப் பழகி அறிந்தவர்கள் வைகறையில் விருந்தினரை அழைத்துச் செல்கின்றனர். பகலில் இலைச்சருகு போல் அசையாது அமர்ந்திருக்கும் தவளைவாயன் பறவை எக்கிளையில் உள்ளது என்பதை அறிந்து காட்டும் திறமையே அவர்தம் மூலதனம்.

தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாட்டு மலைச்சரிவில் ஏஞ்சல் பாஸ் என்னும் விவசாயி தம் சகோதரருடன் நிலம் வைத்திருந்தார். காண்பதற்கு மிக அரிதான ஒரு பறவை, மண்ணில் வெளிப்பட்ட புழுக்களை உண்ண வருவதை அவர் கவனித்தார். 2005-ஆம் ஆண்டு முதல் அவர் பண்ணையை நாடிப் பல நாட்டவரும் வரலாயினர். காட்டை வெட்டிப் பயிரிடுவதைவிட அதைக் காப்பதே இலாபம் என்பதை அவர் கண்டார்.

இவ்விரு இடங்களிலும் தொழிலை நடத்துவது குடும்பம்; முதலீடோ தம் ஊரைப் பற்றிய அறிவு. பெரிய கட்டடம் இங்கே முதன்மை பெறவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் மாவட்டங்களின் முன்மாதிரி

பறவையைக் காப்பதில் நம் மக்கள் யாருக்கும் பின்தங்கியவரல்லர். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்பதற்காக ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். அக்குளம் 1994-இல் சரணாலயமாயிற்று. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடலாகாது என ஊரார் முறையிட, 1798-ஆம் ஆண்டிலேயே ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு அளித்தார் என்பது வரலாறு.

இவ்வூரார் இரக்கத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. விவசாயப் பயனும் இதில் உண்டு. பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அது கலந்த நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. ஆகவே, சுற்றுலாப் பயணி ஒருவரும் வராத ஆண்டிலும் பறவை நமக்குக் கூலி கொடுத்துவிட்டே செல்கிறது.

தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். இப்பணியில் நம் இளைஞர் சேர்ந்தால், பறவைகளின் பெயரையும் வழக்கத்தையும் செலவின்றிக் கற்கலாம். வழிகாட்டிக்கு இதனினும் சிறந்த பள்ளி இல்லை.

தொடங்கும் முறை

முதலாண்டில் ஓர் அறை போதும். தூய படுக்கை, நல்ல கழிப்பிடம், காய்ச்சி ஆறிய நீர் ஆகியவை இன்றியமையாதவை. உணவு நம் வீட்டு உணவாகவே இருக்கட்டும். பைனாகுலர் ஒன்றும் பறவைப் படநூல் ஒன்றும் வாங்க வேண்டும். நாள்தோறும் எக்குளத்தில் எப்பறவை எத்தனை காணப்பட்டது என்பதை ஒரு நோட்டில் எழுதி வருதல் அவசியம். இரண்டு ஆண்டுகளின் குறிப்பு, எந்த விளம்பரத்தையும் விட மதிப்புடையது.

நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், குளக்கரை பெரும்பாலும் கிழக்குப் புறத்தே அமைந்துள்ளது. காலையில் கரைமீது நின்றால் கதிரவன் நம் முதுகுப்புறம் இருப்பான். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையிலோ அதே இடத்தில் கண் கூசும். இத்தகைய நுட்பங்களை நம் குளத்தோடு வளர்ந்தவர்களே எளிதில் உணர்த்த முடியும்.

‘ஹோம் ஸ்டே’ எனப்படும் இத்தொழிலுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் வகுத்துள்ள திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். வாடகை அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது. உணவு வழங்குவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவித்தல் கடமை. காப்புக்காட்டினுள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.

ஒன்றை வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். பறவைக் காலம் சில மாதங்களே. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. எனவே நிலத்தை விற்றோ, பெருங்கடன் பட்டோ இதில் இறங்கலாகாது. நஞ்சையை அழித்து விடுதி எழுப்பினால், அவ்வயலில் இரை தேடிய கொக்கும் நாரையும் வேறிடம் செல்லும். அவற்றைக் காண வந்தவரும் பின்தொடர்வர். ஏரும் பசுவும் முதல் தொழிலாகவும், விருந்தினர் துணைத் தொழிலாகவும் இருத்தலே நன்று.

ஊராட்சியின் பொறுப்பு

குடும்பம் எவ்வளவு முயன்றாலும், குளம் கெட்டால் தொழில் கெடும். குளமோ ஊருக்குப் பொது. ஆதலால் ஊராட்சி உறுப்பினர்களின் பங்கு இதில் பெரிது.

குளத்தினுள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்கள் ஏலத்திற்கு வருவதுண்டு. ஏலத்தொகை உடனே கைக்கு வரும்; ஆனால் ஒரே முறைதான் வரும். கூடு தாங்கும் மரமோ ஆண்டுதோறும் பறவையை அழைத்து வரும். எல்லா மரங்களையும் விட்டுவைக்க இயலாவிடினும், கூடுள்ள மரங்களை ஒதுக்கி வைக்குமாறு கிராம சபையில் தீர்மானித்து, உரிய துறைக்கு அனுப்பலாம். தூர் வாரும்போது குளம் முழுவதையும் ஒரே ஆழத்திற்குத் தோண்டாமல் ஒரு பகுதியை மேடாகவும் ஆழமின்றியும் விட்டால், நின்று மீன் பிடிக்கும் பறவைகளுக்கு இடம் கிடைக்கும். குப்பையும் கழிவுநீரும் குளத்தில் சேராமல் தடுப்பது மனிதர்க்கும் நலம்.

கூட்டத்திற்கும் வரம்பு வேண்டும். ஒரு வேளையில் ஆறு பேருக்கு மேல் கரையில் நிற்க விடாதீர்கள். கூட்டை நெருங்குவதும், பறவையை எழுப்பிப் படம் எடுக்கக் கல்லெறிவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து ஏமாற்றுவதும் தவிர்க்கத்தக்கவை. முட்டைகளை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியவை என்பதை வருவோர்க்கு நயமாக எடுத்துரைக்க வேண்டும். வருவாயில் ஒரு சிறு பகுதியைக் குளப் பராமரிப்பிற்குத் தர அக்குடும்பங்களும் முன்வருதல் வேண்டும். மீன்பாசிக் குத்தகைதாரரும் பாசன விவசாயிகளும் தமக்கு இதனால் இழப்பில்லை என உணர்ந்தாலன்றி, இம்முயற்சி நிலைக்காது.

இலத்தூர்ப் பகுதியில் இரண்டு குடும்பங்கள் இதை முறையாகத் தொடங்கினால், படித்த பிள்ளைகளில் சிலரேனும் வேலை தேடி வெளியூர் செல்லாமல் ஊரிலேயே மதிப்புடன் வாழ வழி பிறக்கும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, முதலில் நம் குளத்திற்கு எப்பறவைகள் வருகின்றன என்னும் பட்டியலை ஊர்ப் பள்ளி மாணவரைக் கொண்டு தயாரிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.