கொக்கோ மூட்டை போன வழி

நாற்பது வருஷமாகத் தானிய வியாபாரம் பார்ப்பவன் நான். எந்த தேசத்துக் கதையும் எனக்குக் கொள்முதல் விலையிலிருந்து சொன்னால்தான் ஏறும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா அப்படித்தான் புரிந்தது.

1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்றபோது கானா ஏழை நாடன்று. கொக்கோ விளைச்சலில் உலகில் முதலிடம். லண்டனில் சுமார் 20 கோடி பவுண்டு கையிருப்பு. நிக்ருமா அணை, ஆலை, பள்ளி என்று செலவழித்தார். (அகோசோம்போ அணை இன்றும் மின்சாரம் தருகிறது; அதையும் சொல்லத்தானே வேணும்.) 1965-இல் கொக்கோ விலை சரிந்தது. மறுவருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

ஆனா, எனக்குப் பட்ட காரணம் வேறே. கொக்கோவை அரசு வாரியம் மட்டுமே வாங்கலாம். சீடி நாணயத்தின் மதிப்பைச் செயற்கையாகத் தூக்கிப் பிடித்ததால், டாலரில் வந்த பணம் சீடியாக மாறும்போது சுருங்கியது. வாரியம் பிடித்தது போக மிச்சந்தான் விவசாயிக்கு. அவர் என்ன செய்வார்? மூட்டையை எல்லை தாண்டி ஐவரி கோஸ்டில் விற்றார். புது மரம் நடவில்லை. 1960-களின் நடுவில் 5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 1983-84-இல் சுமார் 1.6 லட்சம். 1983-இல் வறட்சி, காட்டுத்தீ. நைஜீரியா வெளியேற்றிய சுமார் 10 லட்சம் பேர் வேறு வந்து சேர்ந்தார்கள்.

அந்த வருஷமே ராலிங்ஸ் அரசு திருத்தத்தைத் தொடங்கியது. டாலருக்கு 2.75 சீடி என்றிருந்தது 1986-இல் 90 ஆயிற்று. விவசாயிக்குக் கிடைத்த விலையும் பல மடங்கு ஏறியது. சும்மா வரவில்லை, அரசு வேலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனார்கள். 1988-89-இல் விளைச்சல் 3 லட்சம் டன். 2010-11-இல் 10 லட்சம்.

2023-24-இல் உலக விலை எகிறியது. வாரிய விலை பின்தங்கியது. மூட்டைகள் மறுபடி எல்லை தாண்டின.