ஏன் இரண்டு தோலாடை?

வட கனடாவின் இனுயிட் வேடர், உறைந்த கடலில் சீல் மூச்சுவிட வரும் துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பார். வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். எப்படித் தாங்குகிறார்?

மரபாக அணிவது கரிபூ மானின் தோலாடைகள் இரண்டு. உள்ளே அணிவதில் ரோமம் உடலை நோக்கியிருக்கும். மேலே அணிவதில் வெளிப்புறம். எந்த ஆடையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் சூடு தப்பாமல் காப்பது ஆடையில் சிக்கி நிற்கும் காற்றுதான். கரிபூ ரோமத்துக்குள்ளேயே காற்றறைகள் உண்டு. ரோமங்களுக்கு இடையிலும், இரு ஆடைகளுக்கு நடுவிலும் மேலும் காற்று.

வேடருக்குக் குளிரைவிட வியர்வையே பெரிய எதிரி. நீர், அசையாத காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நடக்கும்போது வந்த வியர்வை, காத்திருக்கும்போது உடல் சூட்டைப் பறித்துவிடும். அதனால்தான் அந்த ஆடைகள் தளர்வானவை. தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளினால் கழுத்து வழியே வெப்பக் காற்று வெளியேறும்.

இன்றைய வேடருக்கும் இதே விதிதான்: உடலை ஒட்டி மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றுத் தடுப்பு. தடித்த மேலாடையை நடக்கும்போது பையில் வையுங்கள்; அமர்ந்ததும் அணியுங்கள். பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது.