குனிந்த தலையும் நோகும் கழுத்தும்

கழுத்து நோவு மலையகத்துக்குப் புதியதல்ல. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமக்கும் பெண்களுக்கும், மரக்கறி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நடக்கும் விவசாயிகளுக்கும் அது பழகிப்போன ஒன்று. இரவில் சித்தாலேப தேய்த்துக்கொண்டு படுத்து, காலையில் மீண்டும் மலைக்குப் போவதே நமது வழக்கம். இப்போது அதே கழுத்தின் மீது இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது. அது கையளவேயான ஸ்மார்ட் போன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியோடு வந்த மண்சரிவுகளையும் நாம் மறக்க முடியாது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறிய குடும்பத்துக்குப் போன் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும், கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரலும் அதில்தான் வருகின்றன. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபின் பிள்ளைகளின் பாடமும் அதற்குள் புகுந்துகொண்டது. ஆகவே போனைத் தூக்கி வையுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. போனும் வேண்டும், உழைக்கக் கழுத்தும் வேண்டும். இரண்டையும் காப்பது எப்படி என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

கழுத்தில் நடப்பது என்ன?

நமது தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. கழுத்திலுள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் அதைத் தாங்குகின்றன. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் சுமப்பது எளிது. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் கடுக்கும். தலையும் அப்படித்தான். முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் அதிகமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரான கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014 இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். தலை 30 பாகை குனியும்போது கழுத்தின் மீது விழும் சுமை சுமார் 18 கிலோ. 60 பாகை குனிந்தால் சுமார் 27 கிலோ. 18 கிலோ என்பது பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்குக் கேட்கப்பட்டு வந்த கொழுந்தின் அளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 18 முதல் 21 வயது வரையான 150 பேரை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட முடிவில், போன் பார்க்கும்போது குனிந்திருப்பவர்களுக்கே கழுத்து நோவு அதிகம் என்று காணப்படவில்லை. அதனால் குனிந்தாலே எலும்பு தேய்ந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தசையைக் களைக்கச் செய்வது, அசையாமல் நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதுதான். நித்திரைக் குறைவும் மனக்கவலையும் நோவைக் கூட்டுகின்றன. இடம்பெயர்ந்து வாழ்வோரிடம் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

நாளாந்தம் செய்யக்கூடிய பயிற்சிகள்

இவற்றுக்கு ஒரு சுவரும் நிற்க இடமும் போதும். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் செய்யுங்கள். மெதுவாகச் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

1. மோவாயை உள்ளிழுத்தல்: சுவரில் முதுகைச் சாய்த்து நேராகப் பார்த்து நில்லுங்கள். தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும் மோவாயை நேராகப் பின்னோக்கி இழுங்கள். 5 வரை எண்ணி விடுங்கள். இப்படி 10 தடவை.

2. தோள்பட்டைகளைச் சேர்த்தல்: கைகளைத் தொங்கவிட்டு, முதுகிலுள்ள இரு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றையொன்று தொடுவதுபோல் பின்னால் இழுங்கள். தோள்கள் காதை நோக்கி உயரக்கூடாது. 5 வரை எண்ணி விடுங்கள். 10 தடவை.

3. பக்கவாட்டில் சாய்த்தல்: வலது காதை வலது தோளை நோக்கிச் சாயுங்கள். தோளை மேலே தூக்க வேண்டாம். இடப்பக்கக் கழுத்தில் இதமான இழுவை தெரியும். 20 வரை எண்ணி நிமிருங்கள். மறுபக்கமும் அப்படியே. பக்கத்துக்கு 3 தடவை.

4. கையை எதிர்த்துத் தள்ளுதல்: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையைத் தள்ளுங்கள். தலை அசையாதபடி கை தடுக்க வேண்டும். பாதி பலம் போதும். 5 வரை எண்ணுங்கள். பின்பு பிடரியிலும் இரு பக்கங்களிலும் கையை வைத்து அவ்வாறே செய்யுங்கள். ஒவ்வொன்றும் 5 தடவை.

5. நெஞ்சை விரித்தல்: கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து நெஞ்சை முன்னே கொண்டு போங்கள். 20 வரை எண்ணுங்கள். 3 தடவை. கூடை சுமந்து தோள் முன்வளைந்தவர்களுக்கு இது மிக நல்லது.

தசையில் இலேசான இழுவை இருந்தால் பரவாயில்லை. தலை சுற்றினாலோ, கைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் நோவு ஓடினாலோ உடனே நிறுத்துங்கள். பலன் ஓரிரு நாளில் தெரியாது. சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

பழக்கத்தில் சிறு மாற்றங்கள்

போனை மடியிலிருந்து நெஞ்சு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். நிலத்தில் இருந்து பார்க்கும் பிள்ளைக்குச் சுவர்ப்பக்கம் இடம் கொடுத்து, போனை ஒரு பெட்டியின் மேல் சாய்த்து வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வயரின் நீளத்துக்கு வளைந்து உட்கார்ந்து பார்க்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடவுங்கள். நீளமான செய்தியைக் கையால் எழுதாமல் குரலில் அனுப்பலாம். உயரமான இரண்டு தலையணைகளில் தலையை மடக்கிப் படுத்தபடி பார்ப்பதைக் கைவிடுங்கள்.

கழுத்து பிடித்துக்கொண்டால் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பொறுக்கும் சூட்டில் 15 நிமிடம் வைக்கலாம். முழு ஓய்வு என்று படுத்துவிடாமல் இயன்ற வேலையைச் செய்வது நல்லது. சுளுக்கு எடுப்பதாகவோ, சலூனில் முடி வெட்டியபின் ‘சடக்’ என்று திருப்பியோ நெட்டி முறிக்க இடம் கொடுக்காதீர்கள். அப்படித் திருப்புவதால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அரிதாகக் கிழிந்து, பாரிசவாதம் ஏற்பட்டதுண்டு.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

கையில் விறைப்பு அல்லது பலக்குறைவு, கொழுந்து கிள்ளவும் பொத்தான் போடவும் விரல்கள் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்து அடிபட்டபின் வரும் நோவு ஆகியவற்றைத் தைலத்தால் மூடி மறைக்கக்கூடாது. நெஞ்சு நோவும் வியர்வையும் சேர்ந்து கழுத்துக்கும் கைக்கும் பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸை அழையுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

இவை எதுவும் இல்லாமல், 6 வாரத்துக்கு மேலும் நோவு நீடித்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டும்போது, மாத்திரை வாங்குவதோடு நிற்காமல் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நிலம் மீண்டும் கிடைக்கும்போது மண்வெட்டி பிடிக்க உடல் வேண்டும். இன்றிரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிச் சுவரோரம் நின்று முதலாவது பயிற்சியைச் செய்து பாருங்கள்.