தவிட்டோடு போகும் நார்ச்சத்து

நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயலானார். அரிசியை வெண்மையாகத் தீட்டுங்கால் தவிட்டோடு ஓர் உயிர்ச்சத்தும் நீங்கிவிடுகிறது. அக்குறையே அந்நோய்க்குக் காரணம் என்பதை இன்று யாவரும் அறிவோம். அச்சிறு கூடம் வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது. ஊரை விட்டு வந்து வாழும் நம்மைப் போலவே அதுவும் தமிழ் மண்ணிலிருந்து வந்ததே.

தவிட்டோடு போவது உயிர்ச்சத்து மட்டுமன்று, நார்ச்சத்தும் போகிறது. நம் குடலால் ஜீரணிக்க இயலாத இப்பொருளை வெறும் சக்கை என்றே நெடுங்காலம் எண்ணிவந்தோம். ஆயினும் நீரிழிவு உடையோர்க்கும் இருதய நோய்க்கு அஞ்சுவோர்க்கும் இது பெருந்துணையாகும்.

எவ்வாறு? நாரில் ஒரு வகை, நீரில் கரைந்து கூழ்போலாகிறது. அது வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே, சர்க்கரை இரத்தத்தில் திடீரெனப் பாயாமல் சிறிது சிறிதாகச் சேருகிறது. மேலும், கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் ஆக்கும் பித்த உப்புக்களை இக்கூழ் பற்றிக்கொண்டு வெளியேற்றுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளுகிறது. கரையாத மற்றொரு வகை நார் மலச்சிக்கலைப் போக்குகிறது.

அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுப் பட்டியலை நோக்குவோம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. சோளத்தில் சுமார் 10 கிராம். கேழ்வரகில் சுமார் 11. முழுக் கடலையில் சுமார் 25. நாளொன்றுக்கு 25 கிராமேனும் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் கூறியுள்ளது. காலையில் இட்லி, நண்பகலிலும் இரவிலும் வெள்ளைச் சோறு என்றிருப்போர் அவ்வளவை எட்டுவது அரிது.

வெந்தயத்தில் ஏறத்தாழப் பாதி நார்ச்சத்தே. ஹைதராபாத் நிறுவனத்தார் நீரிழிவு நோயாளர் சிலருக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் உணவில் சேர்த்து ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சிறுநீரில் கழியும் சர்க்கரை ஏறத்தாழப் பாதியாயிற்று, கொலஸ்ட்ராலும் குறைந்தது. ஆயின் இது ஆராய்ச்சிக்கூட அளவு. வீட்டில் நாமாகப் பின்பற்றத் தக்கதன்று.

நாம் செய்யக்கூடியது எளிது. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியின் அளவைக் கூட்டலாம். கொத்தவரை, அவரை, கீரை, சுண்டல் ஆகியவை நம் வீட்டுப் பழக்கமே. ஒரு வேளைக்குத் தெலுங்கு நாட்டார் உண்ணும் சோள ரொட்டியை நாமும் உண்ணலாம். எனினும் சோளத்திலும் கேழ்வரகிலும் மாச்சத்தே மிகுதி, அளவு மீறலாகாது. நாரைப் படிப்படியாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருக வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. நார்ச்சத்து மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. உணவை மாற்றுங்கால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்தலும் கூடும். ஆதலின் மருத்துவரிடம் கூறிவிட்டே தொடங்குதல் நலம்.